குழந்தையின் திறமை யாருக்கு உரியது?

வீட்டுக்கு விருந்தினர் வந்தால் நம்மவர் செய்கின்ற முதற் காரியங்களுள் ஒன்று, குழந்தையைக் கூடத்துக்கு அழைப்பது. "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு" என்கிறாள் தாய். குழந்தை தாயின் சேலைத் தலைப்பில் முகத்தை மறைத்துக்கொள்கிறது. தந்தை ஒருமுறை அதட்டுகிறார். பாட்டி மிட்டாய் தருவதாகச் சொல்கிறாள். இறுதியில் குழந்தை பாடுகிறது. எல்லாரும் கை தட்டுகிறார்கள். பெற்றோர் முகம் மலர்கிறது. விருந்தினர் முகமும் மலர்கிறது. குழந்தையின் முகத்தை மட்டும் அப்போது எவரும் உற்றுப் பார்ப்பதில்லை.

இது மிகச் சிறிய நிகழ்ச்சி. எல்லா வீடுகளிலும் நடப்பது. இதில் குற்றம் காண்பது முறையன்று. ஆயினும் இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் ஒரு பெரிய அறக்கேள்வி, ஆலம்விதைக்குள் மரம்போல் அடங்கியிருக்கிறது. ஒரு குழந்தையிடம் உள்ள திறமை யாருக்கு உரியது? பெற்றவர்க்கா, கற்பித்தவர்க்கா, கண்டு மகிழும் ஊர்க்கா, அல்லது இன்னும் வளர்ந்து முடியாத அந்தக் குழந்தைக்கா?

வள்ளுவர் காட்டும் அவை

மக்கட்பேற்றைப் பற்றிப் பேசும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை, குழந்தையின் மழலைக்கு முன் இசைக்கருவிகளும் தோற்கும் என்கிறார். பிஞ்சுக்கை அளாவிய கூழ் அமிழ்தத்தினும் இனியது என்கிறார். அங்கே பேசப்படுவது பெற்றோர் அடையும் இன்பம். அந்த இன்பம் உண்மையானது; அதனை மறுப்பார் இல்லை. ஆனால் அதே அதிகாரத்தில் அவர் தந்தையின் கடமையையும் சொல்கிறார். கற்றோர் அவையில் முன்னிற்கும் தகுதியைப் பிள்ளைக்கு உண்டாக்குவதே தந்தை செய்யத்தக்க உதவி என்பது அவர் கருத்து.

இக்குறளை நாம் பல மேடைகளில் முழங்கியிருக்கிறோம். பிள்ளையை மேடையேற்றுவதற்குச் சான்றாகவும் இதனைக் காட்டுகிறோம். சற்று நின்று எண்ணிப் பார்த்தால், வள்ளுவர் கூறியது அதுவன்று என்பது விளங்கும். அவர் காட்டும் அவை, பிள்ளை வளர்ந்த பின் தன் அறிவால் தானே சென்று அமரும் அவை. பிள்ளையை அதற்குத் தகுதியாக்குவது உதவி. தகுதி கனிவதற்கு முன்பே, நம் பெருமைக்காக அதனை அவை நடுவே நிறுத்துவது வேறு. முன்னதில் தந்தை கொடுக்கிறான். பின்னதில் தந்தை பெறுகிறான். கொடுப்பதற்கும் பெறுவதற்கும் உள்ள இந்த வேற்றுமையே இக்கட்டுரையின் உயிர்நாடி.

திடலில் கண்ட திரை

நான் பிறந்து வளர்ந்தது நெகிரி செம்பிலானில், பகாவ் வட்டாரத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில். அந்நாளில் மாதம் ஒருமுறையோ இருமுறையோ தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். மாலையிலேயே பாயும் சாக்கும் கொண்டுபோய் இடம் பிடித்துவிடுவோம். லயம் முழுவதும் திடலுக்கு வந்துவிடும். அப்படி ஓர் இரவில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பாரதிராசாவின் முதற்படமான '16 வயதினிலே' பார்த்தேன். அப்படம் 1977இல் தமிழகத்தில் வெளிவந்தது. எங்கள் திடலுக்கு அடுத்த ஆண்டு வந்தது.

அதில் வரும் மயில் என்ற பெண், பத்தாம் வகுப்புத் தேறியவள். ஆசிரியையாக வேண்டும் என்ற கனவுடையவள். படம் முடிந்து இருட்டில் வீடு திரும்பும்போது என் அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழியில், "பத்தாவது பாஸ் பண்ணினா டீச்சர் ஆகலாமாம்டா" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை.

என் அக்காள் ஆறாம் வகுப்போடு நின்றவள். நன்றாகப் படித்தவள், கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக நின்றவள். ஆயினும் தம்பி தங்கையர் நால்வர். தாய் தந்தையர் இருவரும் விடியற்காலை பிரட்டுக்குப் போகவேண்டியவர்கள். அவள் நின்றாள். முதலில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் நிரையில் மங்கு துடைத்தாள், ஒட்டுப்பால் எடுத்தாள், வாளி தூக்கினாள். செக்ரோலில் அவள் பெயர் இல்லை. அம்மாவின் பெயரில்தான் எடை எழுதப்பட்டது. அந்த எடையில் கூடிய சில இராத்தல்களுக்கு உரிய வெள்ளி எங்கே போயிற்று என்று கேட்டால், அதற்கு விடை நான். என் பள்ளிச் சட்டையும், பேருந்துக் கட்டணமும், பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் புறப்பட்டபோது கொண்டுபோன தகரப் பெட்டியும் அந்த வாளியிலிருந்து வந்தவை.

இதனை நாங்கள் எவரும் கொடுமை என்று எண்ணவில்லை. அன்று தோட்டத்துக்குத் தோட்டம் இதுவே வழக்கம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்படித் தோன்றிய பள்ளிகள் பலவற்றில், கங்காணியோ கிராணியோ பாடம் சொன்ன காலமும் உண்டு. அரை நாள் படிப்பு, அரை நாள் வேலை என்று இருந்த காலமும் உண்டு. பள்ளி இருந்தது, ஆனால் குழந்தையின் கைகளுக்கு அதைவிட அவசரமான வேலை எப்போதும் காத்திருந்தது.

பல ஆண்டுகள் கழித்து, நான் ஆசிரியனான பின், ஒரு செய்தி என்னை உலுக்கியது. மயிலாக நடித்த ஸ்ரீதேவி, 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் பிறந்தவர். அப்படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 14. பதினாறு வயதுப் பெண்ணாக, பத்தாம் வகுப்புத் தேறியவளாக, ஆசிரியையாகும் கனவு கண்டவளாகத் திரையில் நின்றவர், தாமே பள்ளிக்குச் செல்லவேண்டிய வயதிலிருந்த ஒரு சிறுமி. திடலில் அமர்ந்து அவரைக் கண்டு பெருமூச்சு விட்ட என் அக்காளுக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. திரைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. ஒருத்தியின் பெயரை உலகம் அறியும். மற்றொருத்தியின் பெயர் செக்ரோலில்கூட இல்லை. ஆயினும் இருவர் கையிலும் புத்தகம் இல்லை.

ஒரு நடிகையின் வாழ்க்கை

ஸ்ரீதேவி சிவகாசிப் பக்கத்தில் பிறந்தவர். சாண்டோ சின்னப்பா தேவரின் 'துணைவன்' 1969இல் வெளிவந்தது. அதில் குழந்தை முருகனாக நடித்தபோது அவருக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. அதன்பின் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் எனப் பல மொழிகளில் நடித்தார். 1971இல் வந்த 'பூம்பாட்டா' என்னும் மலையாளப் படத்திற்காகக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருதைப் பெற்றார். 1976 அக்டோபரில் பாலசந்தரின் 'மூன்று முடிச்சு' வெளிவந்தது. அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது நிறைந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அப்படத்தில் அவர் ஏற்ற பாத்திரம், வயதான ஒருவரை மணந்து, அவருடைய வளர்ந்த மகனுக்குச் சிற்றன்னையாகும் பெண். அந்த மகனாக நடித்த ரஜினிகாந்துக்கு வயது 25. பதின்மூன்று வயதுச் சிறுமி, இருபத்தைந்து வயது இளைஞருக்குத் தாய்! திரையில் அது சிறந்த நடிப்பு என்று பாராட்டப்பட்டது, பாராட்டும் தகும். ஆனால் அந்த நடிப்புக்கு வேண்டிய அனுபவத்தை அச்சிறுமி எங்கிருந்து எடுத்திருப்பார் என்று கேட்டவர் எத்தனை பேர்?

1982இல் பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' வந்தது. விபத்தில் நினைவிழந்து, மனத்தால் குழந்தையாகிவிட்ட ஓர் இளம்பெண்ணாக ஸ்ரீதேவி நடித்தார். அவளைக் காத்துப் பேணும் பள்ளி ஆசிரியராகக் கமலஹாசன் நடித்தார். கமலஹாசனும் 1960இல் 'களத்தூர் கண்ணம்மா' வழியே ஐந்து வயதில் திரைக்கு வந்தவர்; அதற்காகக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்றவர்; பள்ளிப் படிப்பை முடிக்காதவர். எண்ணிப் பார்க்குந்தோறும் வியப்பளிக்கும் காட்சி இது. குழந்தைப் பருவத்தை ஒளிவிளக்குகளின் கீழ்க் கழித்த ஒருவர் குழந்தையாக நடிக்கிறார். பள்ளியை இடையில் விட்ட ஒருவர் ஆசிரியராக நடிக்கிறார். ஓடுவதும், அடம்பிடிப்பதும், நாய்க்குட்டியோடு பேசுவதுமாக அவர் திரையில் வாழ்ந்த குழந்தைப் பருவத்தைக் கண்டு நாம் கண்ணீர் விட்டோம்.

1997 வரை ஏறத்தாழ இடைவிடாது நடித்தவர், இல்லறத்தில் ஈடுபட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஒதுங்கியிருந்து, 2012இல் 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' என்ற படத்தில் திரும்பி வந்தார். ஆங்கிலம் அறியாமையால் சொந்தப் பிள்ளையாலேயே எள்ளப்படும் ஒரு குடும்பத் தலைவி, வகுப்பில் மாணவியாகச் சேர்ந்து கற்கும் கதை அது. 1977இல் பள்ளி முடித்த பெண்ணாக நடித்தவர், 35 ஆண்டுகள் கழித்து, ஐம்பதை நெருங்கும் வயதில், பள்ளிப் பலகையில் அமரும் மாணவியாக நடித்தார். 2013இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2018 பிப்ரவரி 24ஆம் நாள் துபாயில் மறைந்தார். அவர் மறைந்த பின்னரே, 'மாம்' என்ற படத்திற்காகச் சிறந்த நடிகைக்கான இந்தியத் தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது.

பள்ளி, கல்லூரி வாழ்க்கையைத் தாம் அறியாமல் போனதை அவரே பேட்டியில் கூறியிருக்கிறார். அதே மூச்சில், இடைவெளியின்றி வேலை கிடைத்ததற்கு நன்றியுடையவராகவும் பேசியிருக்கிறார். இவ்விரண்டையும் சேர்த்தே நாம் எண்ண வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றை எடுத்துக்கொள்வது நேர்மையாகாது.

பாலர் சபைகளும் ஜாக்கி கூகனும்

இது திரைப்படத்தோடு தொடங்கிய வழக்கமன்று. தமிழ் நாடக மேடையை ஒரு தலைமுறைக் காலம் தாங்கி நின்றவர்கள் சிறுவர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக விளங்கிய மதுரை தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில், டி.கே.எஸ். சகோதரர்கள் 1918இல் சேர்ந்தார்கள். அவ்வை சண்முகம் எனப் பின்னாளில் புகழ் பெற்ற டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் இத்தகைய பாலர் குழுக்களில் வளர்ந்தவர்களே. அங்கே தமிழ் இருந்தது, இசை இருந்தது, ஒழுக்கம் இருந்தது. வறுமையில் வாடிய பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சோறும் இருந்தது. ஆனால் மகரக்கட்டு என்ற ஒன்றும் அங்கே இருந்தது. பையனுக்குக் குரல் உடையும் பருவத்தை நாடகக்காரர்கள் அவ்வாறு அழைத்தார்கள். நேற்றுவரை முதல் வேடம் கட்டிய பையன், குரல் உடைந்த மறுநாள் யாருக்கும் வேண்டாதவன் ஆகிவிடக்கூடும். வென்றவர்களின் பெயர்களை நாம் அறிவோம். மகரக்கட்டோடு மறைந்த சிறுவர்களின் பெயர்களை எந்த வரலாறும் எழுதி வைக்கவில்லை.

மேல்நாட்டிலும் இதே கதைதான். சார்லி சாப்ளினோடு 1921இல் 'தி கிட்' என்ற படத்தில் நடித்த சிறுவன் ஜாக்கி கூகன், உலகமே கொண்டாடிய குழந்தை நடிகன். அவன் பல இலட்சம் டாலர் ஈட்டினான். வயது வந்த பின் தன் பணத்தைக் கேட்டபோது அது தாய்க்கும் மாற்றாந்தந்தைக்கும் செலவாகிவிட்டது தெரியவந்தது. 1938இல் தாயின் மீதே வழக்குத் தொடுக்கவேண்டிய நிலை அவனுக்கு ஏற்பட்டது. முடிவில் கிடைத்தது ஏறத்தாழ 1,26,000 டாலர் மட்டுமே. ஆனால் அந்த வழக்கின் விளைவாக, குழந்தை நடிகரின் வருவாயில் ஒரு பங்கைத் தனியே காத்து வைக்கவேண்டும் என்ற சட்டம் 1939இல் கலிபோர்னியாவில் பிறந்தது. கூகன் பின்னர் 1964 முதல் 1966 வரை ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், தலை மழித்த வேடிக்கை மனிதராக வந்து மீண்டும் மக்களைச் சிரிக்க வைத்தார். அழகே உருவான அந்தக் குழந்தைதான் இவர் என்று அறிந்து சிரித்தவர் எத்தனை பேரோ!

இந்தியாவில் 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த விதிகள், குழந்தைக் கலைஞர் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பணி செய்யலாகாது என்றும், வருவாயில் குறைந்தது நூற்றுக்கு 20 பங்கு குழந்தையின் பெயரில் வங்கியில் இடப்பட வேண்டும் என்றும் கூறுகின்றன. நம் நாட்டில் 1966ஆம் ஆண்டுச் சிறுவர், இளையோர் வேலைச் சட்டம், பொதுக் கேளிக்கைகளில் குழந்தையை ஈடுபடுத்த உரிமம் வேண்டும் என்கிறது. இவை நல்லன. ஆயினும் சட்டம் காக்கவல்லது பணத்தையும் நேரத்தையுமே. குழந்தைப் பருவத்தை வங்கியில் இட்டு, இருபத்தொரு வயதில் வட்டியோடு எடுத்துக்கொள்ள இயலாது.

மறுப்பார் கூற்று

இங்கே சிலர் மறுக்கலாம். அவர்கள் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆகவே அதனை முழுதாகக் கேட்போம்.

"இளமையில் தொடங்காமல் கலை கைவருமா? வீணையும் பரதமும் ஐந்து வயதில் தொடங்கப்படுவன அல்லவா?" என்பது முதல் மறுப்பு. உண்மைதான். ஆனால் கற்பது வேறு, ஈட்டுவது வேறு. ஐந்து வயதில் வீணை கற்கும் குழந்தை பிழையாக வாசிக்கலாம். நாளை வரமாட்டேன் எனலாம். அதனால் எவருக்கும் நட்டமில்லை. ஐந்து வயதில் படப்பிடிப்பில் நிற்கும் குழந்தை தவறினால் பலருடைய நாள் வீணாகும். முன்னது விளையாட்டின் தொடர்ச்சி. பின்னது கூலியின் தொடக்கம்.

"குடும்பம் பசித்திருக்கும்போது அறம் பேசலாமா?" என்பது இரண்டாம் மறுப்பு. இதற்கு நான் தலை வணங்குகிறேன். என் பெற்றோரை நான் குற்றம் சொல்லமாட்டேன். பசியின் முன் அவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும்? ஆனால் தவிர்க்க முடியாதது என்பதால் ஒன்று நல்லது ஆகிவிடாது. தவிர்க்க முடியாமல் வாங்கிய கடனும் கடனே. கடன் என்று ஒப்புக்கொள்வது முதற்படி.

"அந்தக் குழந்தையே வளர்ந்த பின் மகிழ்ச்சி என்கிறதே!" என்பது மூன்றாம் மறுப்பு, மூன்றிலும் வலியது. ஸ்ரீதேவி நன்றி கூறினார். என் அக்காளும் அவ்வாறே. இன்று அறுபதைக் கடந்து, பேரப்பிள்ளைகளோடு சிரம்பானில் வாழும் அவளிடம் இதைப்பற்றி நான் பேசத் தொடங்கினால், "எனக்கு என்னடா குறை? நீ வாத்தியார் ஆனியே, அது போதாதா?" என்று பேச்சை முடித்துவிடுவாள். ஆனால் சிந்தித்துப் பாருங்கள். நடந்த வழிக்குச் சாட்சி சொல்ல ஆள் இருக்கிறது. நடக்காத வழிக்குச் சாட்சி இல்லை. படித்திருந்தால் என் அக்காள் என்ன ஆகியிருப்பாள் என்பதைச் சொல்லக்கூடியவள் பிறக்கவே இல்லை. இழந்தவர் மன்னிக்கிறார் என்பது அவருடைய பெருந்தன்மைக்குச் சான்று. நம்முடைய நியாயத்துக்குச் சான்றன்று.

மனிதனை ஒருபோதும் வெறுங்கருவியாக மட்டும் கொள்ளாதே, அவனே நோக்கமாகவும் மதிக்கப்பட வேண்டியவன் என்று 1785இல் எழுதினார் ஜெர்மானிய மெய்யறிஞர் காண்ட். வயது வந்தோர்க்கு இது பொருந்துமெனில், மறுத்துப் பேசத் தெரியாத குழந்தைக்கு எத்துணை மடங்கு பொருந்த வேண்டும்!

அலமாரியில் உள்ள கிண்ணங்கள்

இவ்வளவும் எழுதிவிட்டு, நான் ஒரு கரையில் நின்று மற்றவர்க்கு அறம் உரைப்பவன் போல் முடித்துவிட்டால் அது பொய்யாகும். ஆசிரியப் பெருமக்களுக்குச் சொல்லவேண்டிய செய்தி ஒன்று என் வாழ்விலேயே உள்ளது.

தலைமையாசிரியனான தொடக்க ஆண்டுகளில், நான் பணியாற்றிய சிறு பள்ளியில் ஒரு மாணவி இருந்தாள். கதை சொல்வதில் இணையற்றவள். அரக்கன் பேசினால் அரங்கு நடுங்கும். கிழவி பேசினால் அரங்கு சிரிக்கும். மாணவர் தொகை குறைந்துகொண்டே வந்த பள்ளி அது. தோட்டம் துண்டாடப்பட்டு, இரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலம். பள்ளியின் பெயர் நான்கு பேர் வாயில் வரவேண்டும் என்று நான் துடித்தேன். அந்தப் பெண்ணை மூன்று ஆண்டுகள், வட்டாரம், மாநிலம் என்று போட்டிக்குப் போட்டி அழைத்துச் சென்றோம். பயிற்சிக்காகக் கணக்குப் பாடத்திலிருந்து அழைத்தோம். மலாய்மொழிப் பாடத்திலிருந்தும் அழைத்தோம். "கெட்டிக்காரப் பெண், பிறகு பிடித்துக்கொள்வாள்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிண்ணங்கள் வந்தன. என் அறையின் கண்ணாடி அலமாரியில் அவற்றை வரிசையாக வைத்தேன். வருகின்ற அதிகாரிகளுக்கெல்லாம் காட்டினேன்.

அவள் இடைநிலைப்பள்ளிக்குப் போனாள். அங்கே எல்லாம் மலாய்மொழியில், கதைப்போட்டி இல்லை, கணக்கு இருந்தது. மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். பல ஆண்டுகள் கழித்துப் பகாவ் பட்டணத்து அங்காடி ஒன்றில் பணம் வாங்கும் இடத்தில் அவளைக் கண்டேன். எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். நலம் விசாரித்தாள். பொருளைப் பையில் போட்டுக்கொண்டே, "ஐயா, அந்தக் கப்பெல்லாம் இன்னும் ஸ்கூல்லதான் இருக்கா?" என்று கேட்டாள்.

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. பழைய நண்பரை விசாரிப்பது போன்ற அன்புதான் இருந்தது. ஆனால் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மாவின் பெயரில் எழுதப்பட்ட அக்காளின் எடை என் நினைவுக்கு வந்தது. பள்ளியின் பெயரில் எழுதப்பட்ட இவளின் உழைப்பும் அதுவேயன்றோ? கூகனின் தாயைக் குறை கூற எனக்கு என்ன உரிமை? அவள் செலவிட்டது டாலர். நான் செலவிட்டது ஒரு சிறுமியின் கணக்குப் பாடம்.

மறுவாரம் அந்தப் பள்ளிக்குச் சென்றேன். அங்கே அப்போது வேறு தலைமையாசிரியர் இருந்தார்; அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கிண்ணங்களைத் துடைத்து ஒரு பெட்டியில் வைத்து அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் மகிழ்ந்தாள், தன் சிறு மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று ஆண்டுக் கணக்கைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அதைப்பற்றி அவளும் கேட்கவில்லை.

மூன்று கேள்விகள்

அப்படியானால் பிள்ளைகளை மேடையேற்றவே கூடாதா? அவ்வாறு சொல்பவன் ஆசிரியனாகான். கூச்சத்தால் ஒடுங்கிய எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகள் மேடையில்தான் நிமிர்ந்து நிற்கக் கற்றார்கள். அப்படிக் கற்றவர்களுள் நானும் ஒருவன். பிள்ளை விரும்பாவிட்டாலும் பள்ளிக்கு அனுப்புகிறோமே, அதுவும் வற்புறுத்தல்தானே என்றும் கேட்கலாம். ஆம், வற்புறுத்தலே. 2003 முதல் தொடக்கக் கல்வி நம் நாட்டில் கட்டாயம். ஆனால் பள்ளியின் வற்புறுத்தல், நாளை அக்குழந்தை தேர்ந்துகொள்ளக்கூடிய வழிகளைப் பெருக்குகிறது. அதன் பயன் குழந்தையின் கையிலேயே தங்குகிறது. வழிகளைக் குறைத்து, பயனை வேறு கைக்கு மாற்றும் வற்புறுத்தலே தீது. இந்த உரைகல்லில் உரசினால் பள்ளியே சில வேளைகளில் மாற்றுக் குறைந்துபோகும் என்பதை, அலமாரியைத் திறந்தபோது கண்டேன்.

ஆகவே, ஒரு பிள்ளையின் திறமையைக் கண்டு நெஞ்சு துள்ளும்போதெல்லாம் நான் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது: இதனால் வரும் பெயரும் பயனும் யாரிடம் தங்கும்? இரண்டாவது: இதற்காக அப்பிள்ளை விடுவது எது? அதைப் பின்னர் எடுத்துக்கொள்ள முடியுமா? மூன்றாவது: நாளைக் காலை, "எனக்கு வேண்டாம்" என்று அப்பிள்ளை சொன்னால், வீட்டிலோ பள்ளியிலோ எவர் முகமாவது வாடுமா? வாடும் என்றால், அத்திறமையின் ஒரு பகுதியை நாம் ஏற்கெனவே நமக்கு எடுத்துக்கொண்டுவிட்டோம் என்பது பொருள்.

இக்கேள்விகள் நடிகர்களைப் பெற்றவர்க்கு மட்டும் உரியன அல்ல. யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடந்த காலத்தில், சிறந்த தேர்ச்சி பெற்ற பிள்ளைகளின் படத்தைப் பள்ளி வாயிலில் பதாகையாகக் கட்டினோம். அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. பதாகைமேல் உள்ள ஆசை நீங்கவில்லை. இன்று கைப்பேசி உள்ள வீடெல்லாம் படப்பிடிப்புக் கூடம் ஆகிவிட்டது. ஆடும் குழந்தை, அழும் குழந்தை, மழலையில் பெரியோர் வசனம் பேசும் குழந்தை என்று நாள்தோறும் உலகுக்குக் காட்டுகிறோம். அந்தக் கூடத்தில் ஐந்து மணி நேர விதியும் இல்லை. வங்கிக் கணக்கும் இல்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் மட்டும் உண்டு. அந்த எண் குழந்தைக்குப் புரியாது, நமக்குப் புரியும். ஆகவே அது யாருக்காக என்பதும் நமக்குத் தெரியும்.

'மூன்றாம் பிறை'யின் இறுதிக் காட்சியைப் பார்த்தவர் மறக்கமாட்டார். பெண்ணுக்கு நினைவு திரும்பிவிட்டது. தன்னைப் பேணிக் காத்த ஆசிரியரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. புறப்படும் இரயிலின் பக்கத்தில், மழையில், அவளுக்கு நினைவூட்ட அவர் ஏதேதோ ஆடிக் காட்டுகிறார். ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் அவள் பார்க்கிறாள், இரயில் போய்விடுகிறது. இளமையில் அக்காட்சியைக் கண்டபோது, அந்த ஆசிரியருக்காக அழுதேன். இன்று வேறொன்று தோன்றுகிறது. அவள் நலம் பெற்றுப் போகிறாள். தன் வழியில், தன் நினைவோடு, தன் பெயரோடு போகிறாள். பேணியவனுக்கு அது துயரம். பேணலுக்கு அதுவே வெற்றி. ஆசிரியத் தொழிலின் இலக்கணமும் அதுவாகத்தான் இருக்க முடியும். நாம் ஏற்றிய விளக்கு நம் வீட்டிலேயே எரியவேண்டும் என்பதில்லை.

மாணவ நண்பர்களே, உங்கள் திறமை உங்களுடையது. அதனைப் பெற்றோரோடும் ஊரோடும் பகிர்ந்துகொள்ளுங்கள், பகிர்வது பேரின்பம். ஆனால் பகிர்வதற்கு முன் அது உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளியிலும் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். ஓய்வான ஒரு நாளில் அதனைத் திறந்து, ஒவ்வொரு கிண்ணத்தையும் கையில் எடுத்து, இதனை வென்ற பிள்ளை இன்று எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். விடை தெரிந்தால் மகிழுங்கள். தெரியாவிட்டால் தேடிப் போங்கள். நான் தாமதமாகப் போனேன். நீங்கள் விரைந்து போகலாம்.